பில்லில் இருந்து நான் வெட்டிய பெயர்

போன மாதம், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த உங்களோடு மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்படி என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். கவுன்சில் டாக்ஸ் என்கிற வீட்டுவரிப் பகுதியில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டிய மனிதன் நாலு வார்த்தை சொல்லட்டும் என்று நினைத்திருப்பீர்கள். நானும் சொன்னேன். நாய் துரத்தி மதிலேறிக் குதித்த கதை, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு "வீட்டில் ஒருவரும் இல்லை" என்று குரல் கொடுத்த பெரியவரின் கதை. எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். பஸ்ஸில் வீடு திரும்பும்போது எனக்கு என் மீதே எரிச்சல் வந்தது. சொல்லவேண்டிய ஒன்றை விழுங்கிவிட்டு, பகிடி விட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அதைத்தான் இப்போது எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்த மேசையில் தமிழ்ப் பிள்ளைகள் நாலு பேர் இருந்தீர்கள். வாசிக்கச் சிரமமாக இருந்தால் அம்மாவிடம் கொடுத்து வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் விட்ட பிழையை உங்கள் மற்றக் கூட்டாளிகள் விடமாட்டார்கள். நம் ஆட்கள்தான் விடுவார்கள். அதிலும் நல்ல பிள்ளை என்று பெயரெடுத்து வளர்ந்தவர்கள்தான் விடுவார்கள்.

முதலில் எங்கள் சூப்பர்வைசரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஜமேக்காவில் பிறந்து இங்கே வளர்ந்த பெண்மணி, என்னைவிட மூன்று வயது மூத்தவர். பெயரைப் போட்டால் வீட்டுக்கு வந்து ஏசுவார், ஆகவே போடவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் என்னை நகரமண்டபத்தின் கீழ்த்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே விக்டோரியா மகாராணி காலத்து வரிப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. அந்தக் காலத்தில் கவுன்சில் கிடையாது. ஒரு தேவாலயத்தைச் சுற்றிய வட்டாரம், ஊரில் நம் முன்னோர் கோயிற்பற்று என்று சொன்னார்களே, அதுதான் வரி வாங்கியது. வரி வசூலிப்பவர் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், வீட்டு இலக்கம், குடியிருப்பவர் பெயர், வரி என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். நாங்கள் இன்றைக்கும் போய்க் கதவு தட்டுகிற தெருக்கள் அதில் இருந்தன. என்ன அழகான எழுத்து என்று நான் வியந்தேன். சூப்பர்வைசர் எழுத்தைப் பார்க்கவில்லை. ஒரு பெயரைக் கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் "போய்விட்டார்" என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இந்தப் புத்தகத்தில் பெயர் இருந்தால் அது ஒரு பிடி" என்றார். "கஷ்டம் வந்தால் இந்த வட்டாரத்திடம் உதவி கேட்கலாம். எந்தப் பிடியும் இல்லாதவர்களை வண்டியில் ஏற்றி, நீ எங்கிருந்து வந்தாயோ அங்கே போ என்று அனுப்பிவிடுவார்கள். பார், போய்விட்டார் என்று எழுதியிருக்கிறான். எங்கே போனார் என்று எழுதவில்லை. கேட்கவும் இல்லைப் போலிருக்கிறது."

செத்து மண்ணாகிப்போன வரிக்காரனோடு இந்த அம்மாவுக்கு என்ன கோபம் என்று நினைத்து நான் சிரித்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு ஐந்து வருடம் முன்பு நடந்தது. அப்போது வாரத்தில் இரண்டு நாள் எனக்குக் கவுண்டர் வேலை, மற்ற நாட்களில் வீடுகளுக்குப் போய்ப் பார்க்கிற வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் கவுண்டரில் வந்து உட்கார்ந்தவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தோய்த்து மினுக்கிய சேர்ட். என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார்.

"அண்ணை தமிழோ?"

"ஓம், சொல்லுங்கோ தம்பி."

"எவடம் அண்ணை?"

ஊரைச் சொன்னேன். அவர் அடுத்த ஊர். எனக்குக் கணக்குப் படிப்பித்த வாத்தியார் அவருடைய பெரிய மாமா. வாத்தியாரிடம் நான் வாங்கிய அடிகளைப் பற்றிச் சொல்லிச் சிரித்தோம். பத்து நிமிடத்தில் சொந்தக்காரர் ஆகாத குறைதான். அதன் பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணை, பில்லிலை ரெண்டு பேர் கிடக்கு. வைஃபின்ரை பேரை எடுக்கவேணும்."

"என்ன நடந்தது தம்பி?"

"அவ என்னை விட்டிட்டுப் போட்டா, அண்ணை. எட்டு மாசமாகுது." தலையைக் குனிந்துகொண்டார். "நான் தனியத்தான் இருக்கிறன்."

உங்களுக்கும் தெரியும், ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் மட்டும் இருந்தால் வரியில் கால் பங்கு தள்ளுபடி. அதற்கான படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: வீட்டை விட்டுப் போனவர் இப்போது இருக்கும் முகவரி. அந்தக் கட்டத்தை நிரப்பவேண்டும். முடியாவிட்டால் போனவரை வேறு வழியில் தொடர்புகொண்டு உறுதிப்படுத்தவேண்டும். எனக்கு அது தெரியாமல் இல்லை. எத்தனையோ வெள்ளைக்காரரிடம், வங்காளிகளிடம், நைஜீரியாக்காரரிடம் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன்.

இந்தத் தம்பியிடம் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. மனைவி விட்டுவிட்டுப் போன மனிதனிடம் எங்கே போனாள், யாரோடு போனாள் என்று நாங்கள் கேட்பதில்லை. தேத்தண்ணி கொடுப்போம், வேறு கதை கதைப்போம், அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம். என்னை அப்படித்தான் வளர்த்தார்கள். அதை மரியாதை என்று நினைத்துத்தான் நானும் என் பிள்ளைகளை வளர்த்தேன். கட்டத்தில் "தெரியாது" என்று நானே அடித்தேன். எட்டு மாதத்துக்கு முந்திய தேதியிட்டுப் பெயரை எடுத்தேன். இரண்டு நிமிட வேலை. அவர் எழுந்து, "பெரிய உதவி அண்ணை" என்றார். பாவம், நல்ல பெடியன் என்று நினைத்துக்கொண்டு அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டேன்.

பத்து வாரம் போயிருக்கும். பழைய விக்டோரியா காலத்து வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கிற ஒரு தெருவுக்குப் போயிருந்தேன். ஒரு வீட்டை இரண்டு பிளாட்டாகப் பிரித்திருக்கிறார்கள் என்று தகவல், பார்த்து வரவேண்டும். கதவு திறக்கவில்லை. வீட்டுக்காரர் எத்தனை மணிக்கு வருவார் என்று விசாரிக்கலாமென்று பக்கத்து வீட்டு மணியை அடித்தேன். அந்த வீட்டு இலக்கத்தை நான் கவனிக்கவே இல்லை.

சங்கிலி போட்டபடி கதவு நாலு விரல் அளவு திறந்தது. இருபத்தேழு, இருபத்தெட்டு வயதுப் பெண். நெற்றியில் பொட்டு. அவளுக்கு வாசுகி என்று பெயர் வைத்துக்கொள்வோம். கதவில் கடிதம் போடுகிற வாய்க்கு உட்புறமாக ஒரு கம்பிக் கூடு பொருத்தியிருந்தது. நாய் கடிதத்தைக் கடிக்காமல் இருக்கச் சில வீடுகளில் கூடு வைப்பார்கள். இதில் ஒரு சின்னப் பூட்டும் தொங்கியது. பூட்டுப் போட்ட கூட்டை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"கவுன்சிலிலை இருந்து வாறன், தங்கச்சி. பக்கத்து வீட்டுக்காரர் எத்தினை மணிக்கு வாறவை?"

தமிழைக் கேட்டதும் அவள் முகம் தெளிந்தது. "தெரியாது அண்ணை. நான் வெளியிலை போறேல்லை." பிறகு என் அட்டையைப் பார்த்தாள். "அண்ணை கவுன்சில் டாக்ஸோ? அப்ப ஒண்டு கேக்கலாமோ? எங்களுக்கு ஏன் இந்த வருசத்துப் பில் வரேல்லை?"

"எல்லாருக்கும் அனுப்பியாச்சே. ஆற்றை பேரிலை வாறது?"

"அவற்றை பேரும் என்ரை பேரும். நான் வைஃப்." கணவனின் பெயரைச் சொன்னாள்.

அன்றைக்குக் கவுண்டருக்கு வந்த, என் வாத்தியாரின் மருமகனின் பெயர். கதவில் இருந்த இலக்கத்தை அப்போதுதான் பார்த்தேன். சரி, கோபித்துக்கொண்டு போனவள் திரும்பி வந்திருக்கிறாள் போலும் என்று மனம் ஒரு சமாதானம் தேடியது.

"நீங்கள் எப்ப திரும்பி வந்தனீங்கள், தங்கச்சி?"

"எங்கை இருந்து?"

அவள் என்னை விளங்காமல் பார்த்தாள்.

"நான் எங்கையும் போகேல்லை, அண்ணை. ஊரிலை இருந்து வந்த நாள் துவக்கம் இஞ்சைதான் இருக்கிறன்."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். போய்விட்டாள் என்று நான் கணினியில் அடித்த பெண் சங்கிலிக்குப் பின்னால் நின்று என்னோடு கதைத்துக்கொண்டிருக்கிறாள். நான் அடித்த அன்றும் இதே வீட்டில், ஒருவேளை அவனுக்கு மத்தியானச் சாப்பாடு சமைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

அவள் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பை கொண்டு வந்தாள். மிளகாய்த்தூள் மணத்தது. அதற்குள் நாலாக மடித்த பழைய பில், இரண்டு பெயரோடு.

"என்ரை பேர் கிடக்கிற கடுதாசி இந்த நாட்டிலை இது ஒண்டுதான். தூள் பேணிக்கை ஒளிச்சு வைச்சிருக்கிறன். ரெண்டு மாசத்திலை விசா முடியுது. சேந்து இருக்கிறம் எண்டு காட்ட இந்த வருசத்துப் பில்லும் வேணும். அவரைக் கேட்டால் வரேல்லை எண்டுறார்."

"வேறை கடிதம் ஒண்டும் இல்லையோ?"

அவள் கம்பிக் கூட்டைப் பார்த்தாள். "பூட்டின்ரை திறப்பு அவரிட்டை. கூடக் கேட்டால், வாயைப் பொத்து, இல்லாட்டி ஊருக்கு அனுப்பிப் போடுவன் எண்டுறார்."

கணவன் விசாவில் வந்தவர்கள் குறித்த காலத்தில் அதை நீட்டிக்க வேண்டும், ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்வதற்கு ஆதாரமாகக் கடிதங்கள் காட்டவேண்டும் என்பது நம் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதற்காகவே பில்லில் பெயர் சேர்க்கச் சொல்லி வரிசையில் நிற்கிறவர்களை நீங்களும் பார்க்கப்போகிறீர்கள். இந்தப் பெண்ணுக்கு இருந்த அந்த ஒரே பிடியை நான் வெட்டியிருக்கிறேன். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கணக்கு விவரத்தை வாசலில் நின்று சொல்லக்கூடாது என்ற விதி ஒரு பக்கம். உண்மையைச் சொன்னால், வெட்கம்தான் பெரிது. "பாக்கிறன் தங்கச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அலுவலகத்துக்கு வந்து மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் கணினி முன் உட்கார்ந்தேன். அவள் பெயரைத் திரும்பச் சேர்த்தேன். தள்ளுபடியை ரத்துச் செய்தேன். பதிவு செய்கிற பட்டனில் விரலை வைத்தபோது சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"என்ன, பேயறைந்த மாதிரி இருக்கிறாய்?"

எல்லாவற்றையும் கொட்டினேன். எவடம் என்று கேட்டது, வாத்தியார் கதை, கேட்காமல் விட்ட கேள்வி, கூட்டில் தொங்கிய பூட்டு, எல்லாம். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை.

"அந்தப் பட்டனை அழுத்தினால் என்ன நடக்கும்?"

"கணக்குச் சரியாகும்."

"பிறகு?"

"புதுப் பில் அச்சாகித் தபாலில் போகும்."

"அதை உடைப்பது யார்?"

விரலைப் பட்டனில் இருந்து எடுத்தேன். அந்தப் பூட்டை என் கண்ணாலே கண்டுவிட்டு வந்திருக்கிறேன். ஆனாலும் யோசிக்கவில்லை. இரண்டு நாளில் அவள் கணவன் கூட்டைத் திறந்து, உறையைக் கிழித்து, அவள் பெயரைப் பார்த்திருப்பான். கவுன்சிலோடு நீ கதைத்தாயா என்று கேட்டிருப்பான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நினைக்க எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது. முதல் பிழையைத் திருத்துகிற அவசரத்தில் அதைவிடப் பெரிய பிழை ஒன்றைச் செய்ய ஒரு விரல் தூரத்தில் இருந்திருக்கிறேன்.

சூப்பர்வைசர் அந்தக் கணக்கில் இருந்து ஒரு கடிதமும் வெளியே போகாதபடி நிறுத்தி வைத்தார். நான் கண்டதை எழுதச் சொன்னார். நான் அவனை அயோக்கியன், மோசடிக்காரன் என்றெல்லாம் எழுதிக் கொடுத்தேன். அவற்றை வெட்டினார். "கண்டதை எழுது. கேட்டதை எழுது. உன் கோபத்தை வீட்டுக்குக் கொண்டு போ." ஆகவே எழுதினேன்: இன்ன தேதி, இன்ன நேரம், இந்தப் பெண் கதவைத் திறந்தார், மனைவி என்றும் எங்கும் போகவில்லை என்றும் சொன்னார், கடிதக் கூட்டில் பூட்டு இருந்தது. காய்ந்துபோன நாலு வரி. அந்த நாலு வரியின் பெறுமதி எனக்குப் பிறகுதான் விளங்கியது.

எங்கள் கட்டடத்திலேயே வீட்டில் கொடுமைக்கு ஆளாகும் பெண்களுக்கு உதவுகிற ஆலோசகர் ஒருவர் இருந்தார். வாசுகியிடம் போன் இல்லை. ஆகவே பக்கத்து வீட்டைச் சாக்காகச் சொல்லி இன்னொரு முறை போவது, கணவன் வேலையில் இருக்கிற நேரம் பார்த்துப் போவது, விரும்பினால் ஆலோசகரிடம் வரலாம் என்று மட்டும் சொல்வது என்று தீர்மானித்தோம். வாசலில் ஒரு பெண் நிற்கவேண்டும் என்று சூப்பர்வைசர் தானே வந்தார்.

மறுநாள் பதினொரு மணி, மழைத் தூறல். மணியை அடித்தேன். கதவைத் திறந்தவன் அவன். ஷிப்ட் மாறியிருக்கிறது.

"அட, அண்ணை. இஞ்சாலை எங்கை?" என்று வாய் நிறையச் சிரித்தான்.

"பக்கத்து வீட்டு அலுவல், தம்பி" என்று இழுத்தேன்.

அவனுக்குப் பின்னால், நடையில், கையில் துடைப்பத்தோடு வாசுகி நின்றாள். நான் அவளைப் பார்த்ததை அவன் பார்த்துவிட்டான். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"செவன் கிங்ஸிலை இருக்கிற அக்காவின்ரை மகள், அண்ணை. ரெண்டு நாள் நிண்டிட்டுப் போக வந்தவ."

தமிழில் சொன்னான். அவளுக்குக் கேட்கும்படி, அவளுக்கு விளங்குகிற மொழியில் சொன்னான். இந்த வேலையில் எத்தனையோ பொய்களைக் கேட்டவன் நான். உயிரோடு இருக்கிற மாமியாரைச் சாகடித்தவர்கள் உண்டு, சொந்தத் தம்பியை வாடகைக்காரர் என்றவர்கள் உண்டு. அவற்றைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். தாலி கட்டிய பெண்ணை, அவள் காது கேட்க, அக்காவின் மகள் என்று ஒருவன் சொல்வதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைவிட மோசம் அடுத்து நடந்தது. என் தலை தானாக ஆடியது.

"ஓ, அப்பிடியோ" என்றேன்.

அந்த "ஓ, அப்பிடியோ"வை வாசுகியும் கேட்டாள். அவன் பொய் சொல்கிறான் என்று தெரிந்த ஒரே வெளியாள் நான். நானும் தலையாட்டிவிட்டேன்.

சூப்பர்வைசருக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. என் முகத்தைப் பார்த்தார், அது போதுமாக இருந்தது. யார் இந்தப் பெண் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவன் அதே பொய்யை ஆங்கிலத்திலும் சொன்னான். அவர் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு அப்பால் எட்டிப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"மகளே, உன் பெயர் என்ன?"

உள்ளே கேத்தில் கொதிக்கிற சத்தம் கேட்டது. வாசுகி துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். கையைச் சட்டையில் துடைத்தாள். பில்லில் இருந்தபடியே தன் பெயரைக் கணவனின் பெயரோடு சேர்த்து முழுவதுமாகச் சொன்னாள். பிறகு, "ஐ ஆம் ஹிஸ் வைஃப். ஐ லிவ் ஹியர்" என்றாள்.

அவன் திரும்பி அவளைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினான். "அவவுக்குச் சுகமில்லை அண்ணை. நீங்கள் போங்கோ, நான் பிறகு வந்து கதைக்கிறன்." கதவைச் சாத்தப் பார்த்தான். சூப்பர்வைசர் அசையவில்லை. கைப்போனை வெளியே எடுத்து, அவனுக்குத் தெரியும்படி பிடித்துக்கொண்டார். எங்களோடு இப்போதே வர விருப்பமா என்று வாசுகியிடம் கேட்டார். அவளுக்கு விளங்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

இந்த முறை என் வாய் திறந்தது. "தங்கச்சி, வர விருப்பமெண்டால் வாங்கோ. இப்பவே. நாங்கள் வாசலை விட்டுப் போகமாட்டம்."

"அண்ணை, நீங்கள் எங்கடை ஆள்" என்றான் அவன். அவன் குரலில் கோபம் இல்லை. நிசமாகவே திகைத்துப்போய்ச் சொன்னான். அது என்னை இன்னும் உலுக்கியது.

வாசுகி உடுப்பு எடுக்க மாடிக்குப் போகவில்லை, தூள் பேணி இருந்த குசினிக்குப் போனாள். பிளாஸ்டிக் பையோடு வந்து, சுவரோடு ஒட்டி அவனைக் கடந்து, வீட்டுச் செருப்போடு மழையில் இறங்கினாள். கோட்டு இல்லை. சூப்பர்வைசர் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தினார்.

அவளை ஆலோசகரிடம் ஒப்படைத்துவிட்டு வந்து சூப்பர்வைசர் என் மேசை ஓரத்தில் உட்கார்ந்தார். "நான் செய்தது சரியா என்று எனக்குத் தெரியாது" என்றார். "அவன் முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது என்றுதான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் உன் முகத்தைப் பார்த்த பிறகு, அவளை அந்தக் கதவுக்குப் பின்னால் விட்டுவிட்டு வர எனக்கு முடியவில்லை." ஆகவே நீங்களும் இதைப் பார்த்து அப்படியே செய்யாதீர்கள். அன்றைக்கு அது நன்றாக முடிந்தது, அவ்வளவுதான்.

சில வாரம் கழித்து வாசுகியின் வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வந்தது. கணவனின் கொடுமையால் பிரிந்தவர் என்று அவளுக்குத் தனியாக விசா கேட்கிறார்கள். அன்றைக்கு வெளியேறும் வரை அந்த வீட்டில் மனைவியாக இருந்தாள் என்று காட்டவேண்டும். ஆனால் அவன் முந்திக்கொண்டிருந்தான். மனைவி எப்போதோ என்னை விட்டுப் போய்விட்டாள் என்று குடிவரவு அலுவலகத்துக்கு எழுதி, ஆதாரமாக ஒரு தாளை இணைத்திருந்தான். ஒற்றைப் பெயரில் வந்த எங்கள் பில். நான் எட்டு மாதம் முந்திய தேதியிட்டுக் கொடுத்தது. தள்ளுபடி அவனுக்கு ஒரு சாக்கு. அவன் என்னிடம் வந்தது அந்தத் தாளுக்காக. ஊர் விசாரித்து, வாத்தியார் கதை சொல்லி, தலை குனிந்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.

என்னிடம் வாக்குமூலம் கேட்டார்கள். மேலிடத்தில் ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு வாக்கியம் சொல்லித் தந்தார்: "கிடைத்த தகவலின்படி மாற்றம் செய்யப்பட்டது." பொய் இல்லை. எனக்கும் பாதுகாப்பு. ஆனால் அதை வாசிக்கிறவர், கவுன்சில் விசாரித்துத்தான் செய்திருக்கும் என்று நினைப்பார். அப்படி நினைத்தால் வாசுகியை ஊருக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். மூன்றாவதில் எழுதினேன்: "மனைவி எங்கே போனார் என்று நான் கேட்கவில்லை. அவரிடம் உறுதிப்படுத்தவில்லை. கணவரின் வாய்ச்சொல்லைத் தவிர என்னிடம் ஆதாரம் எதுவும் இருக்கவில்லை. என் பதிவு பிழையானது." அதன் கீழே வாசலில் கண்ட அந்த நாலு வரியை இணைத்தேன். எனக்கு எழுத்தில் எச்சரிக்கை கிடைத்தது. அது கிடைக்கவேண்டியதுதான். வாசுகிக்கு விசா கிடைத்தது.

ஒரு வருடம் கழித்து அவள் என் கவுண்டருக்கு வந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை. ஒரு சின்ன பிளாட் வாடகைக்கு எடுத்திருந்தாள், பில்லுக்குப் பதிய வந்திருந்தாள். முந்திய முகவரி, குடிவந்த தேதி, கூட இருப்பவர்கள் என்று ஒன்று விடாமல் கேட்டேன். ஒரு கட்டத்தையும் விடவில்லை.

"இப்ப எல்லாம் கேக்கிறியள், அண்ணை" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். அவள் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பவள் போல் சாதாரணமாகக் கேட்டாள்.

"லோயர் உங்கடை கடுதாசியை வாசிச்சுக் காட்டினவர். அண்டைக்கு அவர் வந்து நான் விட்டிட்டுப் போட்டன் எண்டு சொல்லேக்கை, எங்கை போனவ எண்டு நீங்கள் ஏன் அண்ணை கேக்கேல்லை? உயிரோடை இருக்கிறாளோ எண்டெண்டாலும் கேட்டிருக்கலாமே."

மரியாதைக்காக என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. யாருக்கு மரியாதை என்று அவள் கேட்டால் என்ன சொல்வேன். எழுந்து போய்ப் பில்லை அச்சடித்தேன். தபாலில் போடாமல் அவள் கையிலேயே கொடுத்து, பெயரைச் சரிபார்க்கச் சொன்னேன். அவள் விரலை வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தாள். சரி என்றாள்.